கார்டில் இல்லாத வாக்கியம்

ஒடிசாப் பக்கத்திலிருந்து மில் வேலைக்கு வந்தவர்களுக்கு நாங்கள் நடத்துகிற ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் வகுப்பில் பாடம் எடுக்க, போன வாரம் இரண்டு பெண்கள் புதிதாக வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேரும் வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள். நான் வெள்ளை அட்டையை வெட்டி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஒவ்வொரு வாக்கியமாக எழுதிக்கொண்டிருந்தேன். சற்று நேரம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி கேட்டேவிட்டாள்.

"ஆன்ட்டி, போன்லயே ஆப் இருக்குல்ல? நம்ம தமிழ்ல பேசுனா அதுவே ஒடியாவுல சொல்லிருது. அப்புறம் எதுக்கு இம்புட்டு கஷ்டப்பட்டு கார்டு எழுதுறீங்க?"

நியாயமான கேள்விதான். சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேனோ என்று பயந்து, பசையைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். "எழுதித் தாரேன், படிச்சுக்கங்க" என்று மட்டும் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். வகுப்பு எடுத்துப் பல பேரை முன்னுக்குக் கொண்டுவந்த கதை என்று நினைத்துப் படிக்க வேண்டாம். அப்படியும் சில பேர் இருக்கிறார்கள், நன்றாக இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது சபிதாவைப் பற்றி.

அதற்கு முன்னால் ஸ்டெல்லா மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் திண்டுக்கல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தவள். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் நம்பரைப் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. தாடிக்கொம்பிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவேன். முதலில் மதுரையில் பயிற்சி கொடுத்தார்கள். அதில் எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் விடுதிச் சாப்பாட்டில் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்று ஒன்று இருக்காது என்பதும், ஹெட்செட் மாட்டி மாட்டிக் காது புண்ணானதும்தான். வேலையைக் கற்றுக்கொண்டது ஸ்டெல்லா மேடத்திடம்.

அவர் எங்கள் சூப்பர்வைசர். மேட்டுப்பட்டிக்காரர். அப்பா, அண்ணன், தங்கை என்று வீட்டில் எல்லாரும் வாத்தியார்கள். இவர் ஒருத்தர்தான் பள்ளிக்கூடத்திலிருந்து தப்பித்தார், நாம் மாட்டிக்கொண்டோம் என்று அவர் காதில் விழாத தூரத்தில் கேலி பேசுவோம். கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் சத்தமில்லாமல் நடப்பார். கையில் சிவப்புப் பென்சில் இருக்கும். திட்டவே மாட்டார். நாற்காலி முதுகில் பென்சிலால் ஒரு தட்டுத் தட்டினால் மெதுவாகப் பேசு என்று அர்த்தம். இரண்டு தட்டு என்றால், கார்டில் இல்லாததைப் பேசுகிறாய் என்று அர்த்தம்.

அந்தக் கார்டு எல்லா ஆபரேட்டருக்கும் முன்னால் ஒட்டியிருக்கும். வெளிமாநில ஆபரேட்டர்களிடம் இங்கிலீஷில்தான் பேச வேண்டும். என்ன பேசலாம் என்பதை மேடம் வாக்கியம் வாக்கியமாக எழுதி வைத்திருந்தார். 'பார்ட்டி இஸ் நாட் அவைலபிள்.' 'லைன் இஸ் எங்கேஜ்டு.' 'ஸ்பீக் ஆன் ப்ளீஸ்.' இப்படியே போகும். சொந்தச் சரக்கு எதையும் அவிழ்த்துவிடக் கூடாது.

ஆரம்பத்தில் எங்களுக்கு இது எரிச்சலாகத்தான் இருந்தது. பத்மா விவகாரத்துக்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. பத்மா என்னோடு வேலைக்குச் சேர்ந்தவள். ஒரு நாள் பம்பாயிலிருந்து ஒருவர், இங்கே பூட்டுக்கடை வைத்திருந்த தன் மாமனாரிடம் பேச வேண்டும் என்று கால் போட்டிருந்தார். அவர் கடையில் இருந்தால் மட்டும் இணைப்புக் கொடுக்கச் சொல்லியிருந்தார். பத்மா கடைக்குப் போன் போட்டாள். எடுத்த ஆள் "அண்ணாச்சி போயிட்டாரே" என்றான். பழனிக்குப் போய்விட்டார் என்று சொல்ல வந்தவன் பழனியை விழுங்கிவிட்டான். பத்மா அதை அப்படியே "ஹீ இஸ் கான்" என்று பம்பாய்க்குத் தூக்கிக் கொடுத்தாள். அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்த மருமகனும் தமிழர்தான். அடுத்த ரயிலைப் பிடித்துக் குடும்பத்தோடு அழுதுகொண்டே வந்து இறங்கினார். கதவைத் திறந்தது மாமனார், கையில் பஞ்சாமிர்த டப்பாவோடு.

ஊரே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு ரயில்ல வந்த நேரம் பூரா அப்பன் செத்துட்டான்னு அழுதிருக்கா. அத யாரு திருப்பிக் குடுப்பா?" என்று எங்களைக் கேட்டார். அன்றிலிருந்து அந்தக் கார்டை நான் மதித்தேன்.

பிறகு டயல் செய்தால் நேராக லைன் கிடைக்கிற காலம் வந்தது. நாங்கள் உட்கார்ந்து லைன் இணைத்த டிரங்க் போர்டுகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். என்னைப் பில் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். மேடம் எனக்கு முன்னால் ஓய்வு பெற்றார், நான் பின்னால் பெற்றேன். பிள்ளைகள் கல்யாணமாகி ஆளுக்கொரு ஊருக்குப் போனார்கள். டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு நாள் மேடம் போன் செய்தார்.

"ஏ சௌந்தரம், சும்மாதான இருக்க? கெளம்பி வா. இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கணும்."

"யாருக்கு மேடம்?"

"வடக்க இருந்து மில்லு வேலைக்கு வந்திருக்குற பிள்ளைகளுக்கு."

"நமக்கே அரைகுறை மேடம்."

"நமக்குத் தெரிஞ்ச அம்புட்டுப் போதும். மிச்சத்த அதுகளே பாத்துக்கிரும்."

வேடசந்தூர் ரோட்டு நூல் மில்களில் இப்போது ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் வராது. சூப்பர்வைசர்களுக்கு இந்தியும் வராது, ஒடியாவும் வராது. மெஷின், ஷிப்ட், லீவு என்று கொஞ்சம் இங்கிலீஷ் வார்த்தைகள் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் தெரியும். அதையே சற்று நீட்டி வாக்கியமாக்கிக் கொடுத்தால் இரண்டு பக்கமும் பிழைத்துக்கொள்ளும் என்று ஒரு மில் மேனேஜர் மேடத்தின் சர்ச்சில் வந்து கேட்டிருக்கிறார். அவர்கள் ஸ்டெல்லா மேடத்தைக் கை காட்டிவிட்டார்கள். அவர் எங்களைப் போல ஓய்வு பெற்ற நாலைந்து பேரைப் பிடித்தார்.

வகுப்பு தொடங்குவதற்கு முன் தயாராவதற்கே மாதக்கணக்கில் ஆனது. மேடம் எங்களை முதலில் மில்லுக்குள் கூட்டிப்போனார். நூற்கிற இடத்தில் நிற்கவே முடியவில்லை. மெஷின் சத்தம் நெஞ்சுக்குள் இறங்கி அதிர்ந்தது. புருவத்தில் எல்லாம் பஞ்சு. மேடம் என் காதருகே வாயை வைத்து ஏதோ கத்தினார். வெளியே வந்ததும், "கேட்டுச்சா?" என்றார்.

"ஒண்ணும் கேக்கல மேடம்."

"அப்ப நீட்டி முழக்காதீங்க. நாலஞ்சு வார்த்தைக்கு மேல போச்சுன்னா அது வாக்கியமில்ல, பிரசங்கம்."

பிறகு அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கார்டு எழுதினோம். ஒரு பக்கம் இங்கிலீஷ் வாக்கியம், பெரிய எழுத்தில். மறுபக்கம் அதே உச்சரிப்பு இந்தி எழுத்தில், அதைச் சர்ச்சிலிருந்து ஒரு சிஸ்டர் எழுதிக் கொடுத்தார். மூலையில் ஒரு சின்னக் கட்டம். அந்தக் கட்டம்தான் மேடத்தின் கண்டுபிடிப்பு. அந்த வாக்கியத்தை யார் காதில் சொல்லப்போகிறார்கள் என்பதை அதற்குள் எழுத வேண்டும். 'மை ஹேண்ட் இஸ் ஹர்ட்' என்றால் கட்டத்துக்குள் நர்ஸ். 'திஸ் மெஷின் ஸ்டாப்டு' என்றால் ஃபிட்டர். "பேசுறவள மட்டும் நெனச்சு எழுதாதீங்க. கேக்குறவன் மூஞ்சிய நெனச்சு எழுதுங்க" என்பார். டிரங்க் போர்டில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும்தான் இது தோன்றும் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

விடைபெறும் கார்டு என் பங்குக்கு வந்தது. நான் யோசிக்கவே இல்லை. 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று எழுதினேன். மேசை மேல் இரண்டு தட்டு விழுந்தது.

"இது இங்கிலீஷா பிள்ள?"

"நம்ம எல்லாரும் இப்பிடித்தான மேடம் சொல்றோம்."

"நம்ம சொல்லுவோம். கேக்குறவன் சிரிப்பான். போறதும் வாரதும் ஒரே வாக்கியத்துல எப்பிடி? ஊஞ்சலா ஆடுறா?"

"போறேன்னு மொட்டையாச் சொன்னா நம்மூருல மூஞ்சி மாறிரும் மேடம். எங்க வீட்டுல அடியே விழும்."

"அது தமிழ்ல. இங்கிலீஷ்ல போறதுன்னா போறதுதான். நாளைக்கி இதுக வேற ஊருக்குப் போகும், வேற எடத்துல பேசும். தப்பாச் சொல்லிக்குடுத்து அனுப்பக் கூடாது."

சிவப்புப் பென்சில் என் வாக்கியத்தை அடித்துவிட்டு, அதற்கு மேலே 'ஐ ஆம் லீவிங்' என்று எழுதியது. அவர் சொன்னதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. கட்டத்துக்குள் யாரை எழுதுவது என்று கேட்டேன். "சொல்லிட்டுப் போறது எல்லாருகிட்டயுந்தான? அத விட்ரு" என்றார். அந்த ஒரு கார்டில் மட்டும் கட்டம் காலியாக இருந்தது.

மில் விடுதியின் மெஸ்ஸில் ஞாயிறு மத்தியானம் வகுப்பு. சாம்பார் வாடை போவதற்குள் மேசைகளைத் துடைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பாதிப் பேர் தூங்கி வழிவார்கள், வாரம் முழுக்க நின்றே வேலை பார்க்கிற உடம்பு. சபிதா தூங்க மாட்டாள். ஒடிசாவில் ஏதோ ஒரு மலையடிவாரத்து ஊர். புருஷன் இறந்துவிட்டான். மகள் குனியைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். கார்டைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிச் சொல்லிப் பார்ப்பாள். அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே மெஷினிடம் இங்கிலீஷ் பேசுகிறாள் என்று மற்ற பிள்ளைகள் கேலி செய்தார்கள்.

இவ்வளவு பாடுபட்டுப் படிப்பானேன் என்று ஒரு நாள் கேட்டேன். அவளுக்குத் தெரிந்த தமிழையும் இங்கிலீஷையும் கலந்து சொன்னாள். "மேடம், ஹாஸ்டல் பாப்பா நோ. குவார்ட்டர்ஸ் பாப்பா ஓகே. இங்கிலீஷ் வந்தா, குவார்ட்டர்ஸ். குனி இங்க ஸ்கூல்."

விஷயம் அதுதான். விடுதியில் குழந்தைகளை வைத்துக்கொள்ள முடியாது. புதிதாக வருகிறவர்களுக்கு வேலை பழக்கிவிடுகிற பொறுப்புக்கு உயர்ந்தால், மில் குடியிருப்பில் ஒரு அறை கிடைக்கும். அந்தப் பொறுப்புக்குச் சூப்பர்வைசரிடம் நாலு வார்த்தை பேசத் தெரிய வேண்டும். அவள் படித்தது குனிக்காக.

கிடைத்தது. வெயில் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவியை ஆட்டிக்கொண்டே வகுப்புக்குள் ஓடி வந்தாள். டவுனுக்குப் போய்ப் புதுப் பூட்டு வாங்கியிருந்தாள். அறைக்குள் போட ஒரு பாய் கிடையாது, அதற்குள் வெளியே பூட்டுத் தொங்குகிறது. "உள்ள என்ன வச்சுப் பூட்டியிருக்க?" என்று கேட்டேன். "குனி வரும்" என்றாள். ஸ்டெல்லா மேடம்கூடச் சிரித்துவிட்டார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது. எக்ஸ்சேஞ்சில் எத்தனையோ பேரை இணைத்திருக்கிறேன், அவர்கள் முகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் மகளைக் கூட்டிவர அவள் ஊருக்குக் கிளம்பினாள். ஷிப்ட் முடிந்ததும் சூப்பர்வைசரிடம் போய், நாங்கள் சொல்லிக்கொடுத்தபடி நிமிர்ந்து நின்று, "சார், ஐ ஆம் லீவிங்" என்று சொல்லியிருக்கிறாள். அவரும் "ஓகே, ஓகே" என்று தலையாட்டியிருக்கிறார். லீவு என்றால் விடுமுறை என்பது அவளுக்கு முன்பே தெரியும். லீவிங் என்றால் லீவில் போவது என்று அவளாகக் கூட்டிப் புரிந்துகொண்டாள். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

திரும்பி வர ரயிலில் டிக்கெட் கிடைக்காமல் இழுத்தது. அவள் ஊரில் போனுக்கு டவரும் சரியாக இல்லை. ஒரு வழியாகக் குனியோடு வந்து இறங்கியபோது அவள் அறையில் வேறொரு பூட்டுத் தொங்கியது. உள்ளே ஒரு புருஷன் பெண்டாட்டி, கைக்குழந்தையோடு. அவளுடைய பூட்டைப் பேப்பரில் சுற்றி ஆபீஸில் கொடுத்து வைத்திருந்தார்கள்.

சபிதா எனக்குப் போன் செய்தாள். அழுகையில் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. நானும் மேடமும் ஆட்டோ பிடித்து மில்லுக்குப் போனோம். சூப்பர்வைசர் ஒட்டன்சத்திரத்துக்காரர், மரியாதையான மனிதர். எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு அவர் நின்றுகொண்டே பேசினார்.

"ஏனுங்க மேடம், அந்தப் புள்ள எங்கிட்ட நேராவே வந்து ஐ ஆம் லீவிங் சார்னு சொல்லிச்சுங்க. போறேன்னு சொல்றவங்கள நான் என்னன்னுங்க நிறுத்தறது? போயிட்டு வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வேற ஆளப் போட்டிருப்பனுங்களா?"

"அது இங்கிலீஷ் தம்பி" என்றார் மேடம்.

"எனக்குக் காதுல தமிழாத்தானுங்க விழுந்துச்சு."

மேடம் பையிலிருந்து அந்தக் கார்டை எடுத்து, காலியாக இருந்த கட்டத்தைப் பார்த்தார்.

"நானும் போன் போட்டுப் பாத்தனுங்க. கெடைக்கல. ஊருக்குப் போனவங்க திரும்பி வராமப் போறது இங்க வழக்கந்தானுங்க. வேலைய விட்டுப் போனதா லெஃப்ட்டுன்னு எழுதிட்டாங்க. எனக்கே சங்கட்டமாத்தானுங்க இருக்குது."

அவர் பொய் சொல்லவில்லை. மேனேஜரைப் பார்த்தோம். அவரும் கதவைச் சாத்தவில்லை. வேலை உண்டு, விடுதியில் இடமும் உண்டு, ஆனால் குழந்தைக்கு இடமில்லை, குடியிருப்பில் அறை காலியாக நாளாகும் என்றார். கைக்குழந்தைக்காரியை வெளியே அனுப்பச் சொல்லி நாங்கள் எந்த வாயால் கேட்பது? சபிதா சரியாகப் பேசினாள், சூப்பர்வைசர் கேட்டதைக் கேட்டபடி எடுத்துக்கொண்டார், மேடம் சரியான இங்கிலீஷைத்தான் எழுதினார். கோபப்படுவதற்குக்கூட ஒரு ஆள் கிடைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் மேடம் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "டிரங்க் போர்டுக்குன்னு போட்ட சட்டம் பிள்ள அது. அத இங்க கொண்டாந்து வச்சுட்டேன்."

என் வீட்டு மாடி காலியாகத்தான் கிடந்தது. குனி என்னோடு இருக்கட்டும், ஞாயிறு ஞாயிறு வந்து பார்த்துக்கொள் என்று சபிதாவிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். "நோ மேடம். ஷீ அண்ட் மீ. ஒன் ரூம்." அதற்காகத்தானே அவள் அவ்வளவு தூரம் போய்க் கூட்டிவந்தாள். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. திருப்பூரில் அவள் ஊர்க்காரி ஒருத்தி பனியன் கம்பெனியில் இருக்கிறாளாம், வாடகை அறையில் இவர்களுக்கும் இடம் தருகிறேன் என்றிருக்கிறாள்.

இப்போது நம் வகுப்பில் இருக்கிற விடைபெறும் கார்டை எடுத்துப் பாருங்கள். 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று சிவப்புப் பென்சிலில் எழுதியிருக்கும். மேடமே எழுதியது. கட்டத்துக்குள் சூப்பர்வைசர் என்று இருக்கும். ஆப் நன்றாகத்தான் மொழிபெயர்க்கும் கண்ணுகளா, நான் குறை சொல்லவில்லை. அன்றைக்கு அந்த மில்லில் அது இருந்து, சபிதாவின் வாக்கியத்தைச் சரியாக மொழிபெயர்த்திருந்தால், 'நான் போகிறேன்' என்றுதான் சொல்லியிருக்கும். அதனால்தான் அட்டை வெட்டுகிறேன்.

சபிதாவும் குனியும் திருப்பூருக்குக் கிளம்பிய அன்று, வழியனுப்ப நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் குனியை உட்கார வைத்தாள் சபிதா. குனி அந்தப் பூட்டை மடியில் வைத்துக்கொண்டு, சாவியைப் போட்டுத் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தாள். வாங்கி வந்த பழத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தார். சபிதா ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள்.

"போயிட்டு வாரேன்னு சொல்லும்மா. எங்க ஊருல அப்பிடித்தான் சொல்லணும்" என்றேன். அந்த வாக்கியத்தை அவளுக்கு அன்றுதான் தமிழில் சொல்லிக்கொடுத்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்பதையும் கையை அங்கும் இங்கும் காட்டிப் புரிய வைத்தேன்.

அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். கோபம் இல்லை, சிரித்தாள்கூட. கண்ணை மூடி ஒரு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள், வகுப்பில் செய்வதைப் போலவே.

"நோ மேடம்" என்றாள். "ஐ ஆம் லீவிங்."

பஸ் நகர்ந்தது. "போயிட்டு வாம்மா" என்று என் வாய் தன்னால் சொன்னது. அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.